இன்னும் தெளிவாகத் தெரியவில்லை, ஆண்டவரே

அன்பான வாசகர்களே,



சுவிசேஷத்தில் கண் திறக்கப்பட்டவர்கள் என்றால் நமக்கு உடனே நினைவுக்கு வருகிறவர் எரிகோவின் பர்திமேயு. அடுத்து, சீலோவாம் குளத்தில் கழுவிப் பார்வை பெற்றவர். இரண்டு பேரையும் ஞாயிறு பள்ளியிலேயே தெரிந்துகொண்டுவிட்டோம். மாற்கு எட்டாம் அதிகாரத்தில் வருகிற பெத்சாயிதா மனிதரை மட்டும் நம் பிரசங்க மேடைகள் அதிகம் கண்டுகொள்வதில்லை. அவருக்கு நடந்த அற்புதம் முதல் தடவையில் முடியவில்லை. சர்வ வல்லவர் தொட்டும் பாதிதான் குணமானதா என்று யாராவது கேட்டுவிட்டால் என்ன பதில் சொல்வது என்ற தயக்கமாக இருக்கலாம்.

எனக்கு எல்லா அற்புதங்களிலும் மனதுக்கு நெருக்கமானது இதுதான்.

இயேசு அந்த மனிதரின் கையைப் பிடித்து ஊருக்கு வெளியே கூட்டிக்கொண்டு போகிறார். கண்களில் உமிழ்ந்து, கைகளை வைத்து, ஏதாவது தெரிகிறதா என்று கேட்கிறார். குணமாக்கிய ஒருவரிடம் அவர் இப்படி விசாரித்ததாக வேறெங்கும் நாம் வாசிப்பதில்லை. கண்புரை ஆபரேஷன் முடிந்து கட்டை அவிழ்க்கிற டாக்டர் எத்தனை விரல் தெரிகிறது என்று கேட்பாரே, அந்த மாதிரி. மனிதர் நிமிர்ந்து பார்க்கிறார். ஆட்கள் நடமாடுவது தெரிகிறது, ஆனால் மரங்கள் அசைகிற மாதிரிதான் இருக்கிறது என்கிறார். இயேசு மறுபடியும் கண்களின்மேல் கை வைக்கிறார். அப்புறம்தான் எல்லாம் தெளிவாகிறது. மாற்கு மட்டுமே எழுதிவைத்த சம்பவம் இது.

அந்தப் பதிலைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஊர் ஊராகப் பேசப்படுகிற போதகர் தன் ஒருவனுக்காக நேரம் ஒதுக்கி, கைபிடித்து நடத்திவந்து, கண்ணைத் தொட்டிருக்கிறார். 'நல்லாத் தெரியுது ஐயா' என்று கும்பிட்டுவிட்டுப் போயிருக்கலாம். நேற்றுவரை முழு இருட்டு. இன்று வெளிச்சமும் உருவமுமாக ஏதோ தெரிகிறது. அதுவே போதும் என்று திருப்திப்பட்டிருக்கலாம். நம்மில் பலர் அப்படித்தான் செய்திருப்போம். அவர் தெரிந்ததைத் தெரிந்தபடி சொன்னார். பாதிதான் தெரிகிறது என்பதைத் தொட்டவரிடமே சொல்கிற துணிவு அவருக்கு இருந்தது. அந்தத் துணிவைத்தான் நான் விசுவாசம் என்று சொல்வேன்.

ஆவிக்குரிய குருட்டுத்தன்மைக்கு விசுவாசமே மருந்து என்று சிறு வயது முதல் கேட்டு வருகிறோம். முழுக்க உண்மை. ஆனால் அந்த மருந்தை எப்போதும் வெளியில் இருக்கிறவர்களுக்கே எழுதிக்கொடுக்கிறோம். ஞானஸ்நானம் எடுத்து, சாட்சி சொல்லி, சபையில் பொறுப்பும் வகிக்கிற நமக்கு அது இனிமேல் வேண்டாததுபோலப் பேசுகிறோம். முதல் தொடுதலோடு எழுந்து போய்விடாமல் அவர் கைக்குள்ளேயே நிற்க நமக்கும் விசுவாசம் வேண்டும். இந்த மாதம் உங்களோடு பேச விரும்புவது இதைப் பற்றித்தான்.

மேலே போகுமுன் ஒன்று சொல்ல வேண்டும். இந்த இதழை வீட்டாரை வாசிக்கச் சொல்லிக் கேட்கிற பார்வையற்ற சகோதர சகோதரிகள் இருக்கிறார்கள். குருடு, இருட்டு என்று நாம் உவமையாகப் பேசும்போதெல்லாம் அவர்கள் மனது என்ன பாடுபடும் என்று யோசிக்க வேண்டும். யோவான் ஒன்பதாம் அதிகாரம் இந்தக் கேள்வியோடுதான் தொடங்குகிறது. பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவரைக் காட்டி, இது யார் செய்த பாவம், இவனுடையதா பெற்றோருடையதா என்று சீஷர்கள் கேட்கிறார்கள். இரண்டும் இல்லை என்று இயேசு அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடுகிறார். நம் பாளையங்கோட்டையில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மிஷனரி ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்குப் பள்ளி தொடங்கியதும் இதே சுவிசேஷத்தை நம்பித்தான். கண் தெரியாதது வேறு, காண மறுப்பது வேறு. நான் பேசுவது இரண்டாவதைப் பற்றி.

அதே யோவான் ஒன்பதாம் அதிகாரத்தில் இன்னும் சற்று நிற்போம். கண்ணில் சேற்றைப் பூசி, போய்க் கழுவு என்று அனுப்பிவிட்டார் இயேசு. அந்த மனிதர் பார்வை பெற்ற பிறகு நடக்கவில்லை. சேறு பூசிய கண்ணோடு, பார்வையற்றவராகவே எருசலேம் தெருக்களைத் தாண்டிக் குளத்துக்குப் போனார். 2004ஆம் ஆண்டு அங்கே கழிவுநீர்க் குழாயைப் பழுதுபார்க்கத் தோண்டியபோது பழங்காலக் கற்படிகள் வெளிப்பட்டன. இயேசுவின் காலத்துச் சீலோவாம் குளத்தின் படிகள் அவை என்று தொல்லியல் ஆய்வாளர்கள் ரோனி ரைக்கும் எலி ஷுக்ரோனும் கண்டறிந்தார்கள். அகலமான படிகள். ஒவ்வொன்றாகக் காலால் தடவித் தடவி இறங்கியிருப்பார். கண்டபின் நம்புவது எளிது. அவர் காணுமுன்பே கீழ்ப்படிந்தார்.

அதன்பிறகு நடக்கிற விசாரணையில் இரண்டு தரப்பும் பேசுவதைக் கவனியுங்கள். பரிசேயர் எதற்கெடுத்தாலும் தங்களுக்குத் தெரியும் என்கிறார்கள். இயேசு பாவி என்பது தெரியும், மோசேயோடு தேவன் பேசினது தெரியும். பார்வை பெற்றவரோ, அவர் எங்கே என்று கேட்டால் தெரியாது என்கிறார். அவர் பாவியா என்று கேட்டால் அதுவும் எனக்குத் தெரியாது என்கிறார். முன்பு பார்வை இல்லை, இப்போது இருக்கிறது என்ற ஒன்றை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்கிறார். ஆனால் விசாரணை இறுக இறுக அவருக்கு உள்ளே வெளிச்சம் கூடுகிறது. முதலில் இயேசு என்கிற ஒரு மனிதர் என்றார். பிறகு தீர்க்கதரிசி என்றார். பிறகு தேவனிடத்திலிருந்து வந்தவர் என்றார். கடைசியில் விசுவாசித்துப் பணிந்துகொண்டார். முகத்தில் இருந்த கண் ஒரு கழுவலில் திறந்துவிட்டது. இந்தக் கண் திறக்க அதிகாரம் முழுவதும் ஆயிற்று. தங்களுக்குப் பார்வை இருக்கிறது என்று சாதித்தவர்களின் பாவம்தான் நிலைத்து நின்றது என்று ஆண்டவர் சொன்னதை, சபைக்குள் இருக்கும் நாம் ஒருபோதும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மாற்குவுக்குத் திரும்புகிறேன். பெத்சாயிதா சம்பவத்துக்கு அடுத்தாற்போல், இயேசுவைக் கிறிஸ்து என்று பேதுரு அறிக்கையிடுகிறார். கண் திறந்துவிட்டது என்று நாம் மகிழ்வதற்குள், சிலுவை என்ற பேச்சு வந்ததும் அதே பேதுரு ஆண்டவரைத் தனியே அழைத்துக் கடிந்துகொள்கிறார். கிறிஸ்துவைக் கண்டார், சிலுவையைக் காணவில்லை. தாம் பாடுபட்டு மரிக்கப்போவதை இயேசு மூன்று தடவை சொல்கிறார். ஒவ்வொரு தடவையும் சீஷர்களின் பார்வைக் குறைவு ஒவ்வொரு விதமாக வெளிப்படுகிறது. ஒரு தடவை, யார் பெரியவன் என்று வழியெல்லாம் வாக்குவாதம். இன்னொரு தடவை, செபெதேயுவின் மகன்கள் வலதுபுறமும் இடதுபுறமும் நாற்காலி கேட்கிறார்கள். உங்களுக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று இயேசு அவர்களிடம் கேட்கிறார். அடுத்த சில வசனங்களிலேயே எரிகோ வருகிறது. வழியோரம் பிச்சையெடுக்கும் பர்திமேயுவிடமும் அதே கேள்வியைத்தான் கேட்கிறார். கூடவே நடந்த சீஷர்கள் பதவி கேட்டார்கள். தெருவோரத்தில் உட்கார்ந்திருந்தவர் பார்வை கேட்டார்.

சபைக் கமிட்டித் தேர்தல் நடக்கிற ஒவ்வொரு ஊரிலும் இந்தப் பத்தாம் அதிகாரத்தைச் சத்தமாக வாசித்துவிட்டுத்தான் வாக்குப் பெட்டியைத் திறக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

வேதாகமத்துக்கு வெளியே, இந்த இரண்டாம் தொடுதல் எவ்வளவு தாமதமாக வரக்கூடும் என்பதை எனக்குக் காட்டியது ஜான் நியூட்டனின் வாழ்க்கை. பெயர் தெரியாவிட்டாலும் அவர் பாட்டு உங்களுக்குத் தெரியும்: 'அமேசிங் கிரேஸ்'. பார்வை இழந்திருந்தவன் பார்வை பெற்ற நன்றியைப் பாடுகிற அந்தப் பாட்டு, 1773 புத்தாண்டு நாளில் இங்கிலாந்தின் ஓல்னி என்ற சிற்றூரில் அவர் செய்த பிரசங்கத்தை ஒட்டிப் பிறந்தது. அச்சில் வந்தது 1779இல். அடிமைக் கப்பல் மாலுமி புயலில் சிக்கினார், மனந்திரும்பினார், அந்தப் பாவத் தொழிலை விட்டார், பாட்டு எழுதினார் என்று அவர் கதையைக் கூட்டங்களில் சொல்கிறோம். கேட்க நன்றாக இருக்கிறது. நடந்தது அப்படி இல்லை.

புயல் வந்தது 1748 மார்ச்சில். அலைகளுக்கு நடுவே நியூட்டன் தேவனை நோக்கிக் கூப்பிட்டது மெய். அந்த நாளைக் கடைசிவரை ஆண்டுதோறும் ஜெபத்தோடு நினைவுகூர்ந்தார். அடிமைக் கப்பல்களுக்குக் கேப்டன் ஆனது அதற்குப் பிறகு. 1750 முதல் 1754 வரை மூன்று பயணங்கள். அந்தக் கப்பல்களில் ஞாயிறுதோறும் மாலுமிகளைக் கூட்டி ஆராதனை நடத்தினார். வேதம் வாசித்தார். மனைவிக்கு அன்பொழுகக் கடிதங்கள் எழுதினார். கீழ்த்தளத்தில் ஆப்பிரிக்க மக்கள் இரண்டிரண்டு பேராக விலங்கிடப்பட்டுக் கிடந்தார்கள்.

அவர் கைப்பட எழுதிய கப்பல் நாட்குறிப்பு இன்றும் இருக்கிறது. 1752 டிசம்பர் 11 அன்று எழுதியதைப் பாருங்கள். அடிமைகள் கலகத்துக்குத் திட்டமிட்டிருந்ததைச் சரியான நேரத்தில் கண்டுபிடிக்க உதவியதற்காக, தெய்வச் செயல் என்று நன்றி சொல்லித் தொடங்குகிறார். விலங்கைக் கழற்ற முயன்ற இரண்டு பேர் பிடிபடுகிறார்கள். தேடும்போது கத்திகளும் கற்களும் ஒரு உளியும் கிடைக்கின்றன. அவற்றை உள்ளே கடத்தியவர்கள் நான்கு சிறுவர்கள். அந்தப் பிள்ளைகளை விலங்கிட்டு, உண்மையை முழுதாகச் சொல்ல வைப்பதற்காகக் கட்டைவிரல் திருகில் கொஞ்சமாக இறுக்கியதாக எழுதுகிறார். இரண்டு இரும்புத் துண்டுகளுக்கு நடுவே கட்டைவிரல்களை வைத்துத் திருகாணியை முறுக்குகிற கருவி அது. தேவனுக்கு நன்றியும் அந்தத் திருகும் ஒரே நாள் குறிப்பில், ஒரே மையில். எழுதியவருக்கு அவற்றுக்கிடையே எந்த முரணும் தெரியவில்லை. அவர் கபடக்காரர் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. உண்மையாகவே ஜெபித்த மனிதர் அவர். அவருக்கு ஆண்டவர் தெரிந்தார். கீழ்த்தளத்தில் இருந்த மனிதர்கள் மரங்களாகத் தெரிந்தார்கள்.

1754இல் அவர் கடலை விட்டதும் மனச்சாட்சி உறுத்தியதால் அல்ல. திடீரென்று நோய் தாக்கியதால். 1764இல் குருப்பட்டம் பெற்றார். நூற்றுக்கணக்கான பாடல்கள் எழுதினார். அடிமை வியாபாரம் பாவம் என்று பகிரங்கமாக எழுதியது 1788இல்தான். புயலிலிருந்து கணக்கிட்டால் 40 ஆண்டுகள். அந்தச் சிறு நூலில் அவர் எதையும் மறைக்கவில்லை. தானே அந்தத் தொழிலின் கருவியாக இருந்ததை வெட்கத்தோடு ஒப்புக்கொண்டார். கட்டைவிரல் திருகில் மனிதர் மணிக்கணக்காகத் துடித்ததைக் கண்ணால் கண்ட சாட்சியாக எழுதினார். நாடாளுமன்ற விசாரணையிலும் போய்ச் சொன்னார். அரசியலைவிட்டு ஊழியத்துக்கு வந்துவிடலாமா என்று 1785இல் தன்னிடம் ஆலோசனை கேட்டு வந்த இளம் உறுப்பினர் வில்பர்ஃபோர்ஸை, நாடாளுமன்றத்திலேயே இருக்கச் சொல்லி அனுப்பியதும் அவர்தான். அடிமை வியாபாரத் தடைச் சட்டம் 1807 மார்ச்சில் நிறைவேறியது. அதே ஆண்டு டிசம்பரில், கண் பார்வை மங்கிய கிழவராக, 82 வயதில் நியூட்டன் காலமானார்.

அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் இருந்தார்கள் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். அது சரியில்லை. நியூட்டன் கடைசிப் பயணம் முடித்துக் கரையேறிய அதே 1754இல், அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஜான் உல்மன் என்ற குவேக்கர் விசுவாசி, அடிமைகளை வைத்திருப்பது தவறு என்று புத்தகம் வெளியிட்டார். இளைஞராகக் கடையில் வேலை பார்த்தபோது, ஒரு கறுப்பினப் பெண்ணை விற்பதற்கான பத்திரத்தை எழுதும்படி முதலாளி சொல்ல, மனம் கலங்கிக்கொண்டே எழுதிக்கொடுத்தவர் அவர். இது கிறிஸ்தவத்துக்கு ஒவ்வாதது என்று விற்றவரிடமும் வாங்கியவரிடமும் அப்போதே சொல்லியிருந்தார். பிற்பாடு அப்படிப்பட்ட பத்திரங்களை எழுத மறுத்தார். அதே வேதாகமம், அதே நூற்றாண்டு.

கீழ்த்தளத்தில் இருந்தவர்களுக்கோ ஆரம்பத்திலிருந்தே எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. ஆப்பிரிக்காவில் சிறுவனாகப் பிடிக்கப்பட்டு, கரீபியத் தீவில் அடிமையாக உழைத்து, பின் லண்டனில் 1773இல் ஞானஸ்நானம் பெற்றவர் ஒட்டோபா குகோவானோ. 'அமேசிங் கிரேஸ்' முதன்முதல் ஒலித்த அதே ஆண்டு. அடிமை முறையின் அக்கிரமத்தை வேத வசனங்களைக் கொண்டே எடுத்துக்காட்டி 1787இல் அவர் புத்தகம் எழுதினார், நியூட்டனுக்கு ஒரு வருடம் முன்பு. நம் கண்ணைத் தொட ஆண்டவர் யாருடைய கையை அனுப்புவார் என்று நாம் தீர்மானிக்க முடியாது. தமஸ்குவில் பவுலுக்கு அனுப்பப்பட்ட அனனியா, பவுல் கைதுசெய்யத் தேடிவந்த கூட்டத்தைச் சேர்ந்தவர் அல்லவா?

நம் வீட்டுக்கு வருவோம். தமிழ்க் கிறிஸ்தவர்களாகிய நம் கண்ணில் ஒட்டியிருக்கிற செதில் எது என்று யாரும் நமக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சாதி வேற்றுமை சபையைவிட்டு அகல வேண்டும் என்று தென்னிந்தியச் சபைகளுக்குக் கடிதம் எழுதினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சாதியை வைத்துக்கொண்டு ஆலயத்தைவிட்டு வெளியேறினார்கள். திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில், ஆலயத்துக்கு உள்ளேயே சாதிகளைப் பிரித்துச் சுவர் நின்றது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது இடிக்கப்பட்டபோது வழக்கு நீதிமன்றம் வரை போனது. அந்தச் சுவரின் இரண்டு பக்கமும் முழங்காலிட்டவர்கள் ஒரே நற்கருணையை வாங்கினார்கள்.

அதெல்லாம் பழைய கதை என்று நினைப்பவர்கள், வரன் தேடும் விளம்பரம் எதையாவது எடுத்துப் பாருங்கள். இரட்சிக்கப்பட்ட, அபிஷேகம் பெற்ற, ஊழிய பாரமுள்ள மணமகன் தேவை என்று இருக்கும். அடுத்த காற்புள்ளிக்குப் பிறகு சாதியின் பெயர் இருக்கும். உட்பிரிவும் இருக்கும். விளம்பரம் கொடுத்த பெற்றோர் விடியற்காலையில் எழுந்து ஜெபிக்கிறவர்களாக இருப்பார்கள். அவர்களுடைய ஜெபம் பொய் என்று நான் சொல்லவே மாட்டேன். நியூட்டனின் நாட்குறிப்பை வாசித்த பிறகு இந்த விளம்பரங்களை என்னால் முன்போல வாசித்துக் கடந்துபோக முடியவில்லை. கல்லறைத் தோட்டத்துக்குள் இன்னமும் தடுப்பு இருக்கிற ஊர்கள் நம்மிடம் உண்டு. ஆலயம் பெருக்குகிற அம்மாவின் பெயர் தெரியாமல் பத்து வருடம் பாடகர் குழுவில் பாடுகிறவர்கள் உண்டு.

இதைச் சொல்வதால் யாருடைய விசுவாசத்தையும் குறைத்துப் பேசுவதாக எண்ண வேண்டாம். பெத்சாயிதா மனிதரை, பாதிதான் தெரிகிறது என்றதற்காக இயேசு கோபித்துக்கொள்ளவில்லை. அவிசுவாசி என்று சொல்லவில்லை. திரும்பவும் தொட்டார். இன்னும் தெரியவில்லை என்று ஒப்புக்கொள்வது விசுவாசக் குறைவு என்று பயந்து, சாட்சி நேரத்தில் எல்லாம் தெளிவாகிவிட்டதாகச் சொல்லிப் பழகிவிட்டோம். லவோதிக்கேயா சபையும் தனக்கு ஒரு குறையுமில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தது. அந்தச் சபையிடம் ஆண்டவர், உனக்குப் பார்வை இல்லை, என்னிடம் கண்ணுக்கு மருந்து வாங்கிப் போட்டுக்கொள் என்று சொல்லி அனுப்பினார். சொன்னவர் கதவுக்கு வெளியே நின்று தட்டிக்கொண்டிருந்தவர். அன்பில்லாவிட்டால் எப்போதோ போயிருப்பார்.

லெந்து காலம் வருகிறது. மாற்கு 8, 9, 10 ஆகிய மூன்று அதிகாரங்களையும் ஒரே மூச்சில், முடிந்தால் குடும்பமாக உட்கார்ந்து, சத்தமாக வாசியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அரை மணி நேரம்கூட ஆகாது. பிள்ளைகளை வாசிக்க விடுங்கள். வாசித்து முடித்ததும், நம் வீட்டுக்கு வந்துபோகிறவர்களில், நம் சபையில், நம் தெருவில் யார் நமக்கு இன்னும் மரமாகத் தெரிகிறார்கள் என்று ஒருவருக்கொருவர் கேட்டுப் பாருங்கள். பெரியவர்களைவிடப் பிள்ளைகள் சட்டென்று பதில் சொல்வார்கள். கோபிக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

அதைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றினால் எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் வாசகர் கடிதங்களுக்கு வழக்கத்தைவிட இரண்டு பக்கம் கூடுதலாக ஒதுக்கியிருக்கிறோம். பெயர் வெளியிட வேண்டாம் என்றால் கடிதத்தின் மேலேயே குறித்துவிடுங்கள், கட்டாயம் மதிப்போம். இந்த மாதம் 20ஆம் தேதிக்குள் கிடைக்கிற கடிதங்களைச் சேர்த்துவிட முடியும்.

கிறிஸ்துவின் பணியில்,
ஆசிரியர்